2 மீட்டர் ஹாம் ரேடியோ காண்டெஸ்ட், மண்டபம் மொட்டை மாடி, சீசன் முழுக்க உக்காந்தும் 4 கிரிட் (மேப்புல பிரிச்ச கட்டம்) தான். எங்க தப்பு பண்றேன்?

மண்டபம்காரன்:

வணக்கம் அண்ணங்களே, அக்காங்களே. வியூ3 ஹாம் லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருசம் ஆகுது, ஊரு மண்டபம், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம். இந்த வருசம் பிப்ரவரில இருந்து ஜூலை வரைக்கும் 2 மீட்டர்ல (144 மெகாஹெர்ட்ஸ் பேண்டு) ஒரு சீசன் முழுசா உக்காந்து பாத்துரணும்னு உக்காந்தேன். நம்ம தென் மாவட்டத்து ஆளுங்க வாட்ஸப்ல பேசி வச்சு மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 6ல இருந்து 10 வரைக்கும் கூப்பிட்டுக்குவோம்ல, அது ஆறையும் விடல, கடைசியா ஜூலைல சிக்யூ வேர்ல்டு வைட் விஎச்எஃப் காண்டெஸ்டும் போட்டேன்.

கணக்கு கேட்டா சிரிப்பீங்க. ஆறு ஞாயித்துக்கிழமையும் சேத்து 28 காண்டாக்ட். ஜூலைல 27 மணி நேரம் முழிச்சுக் கெடந்து வெறும் 3. ஆக 31. கிரிட் நாலே நாலு, எம்ஜே99, எம்ஜே98, எம்ஜே89, எம்கே90.

செட்டு என்னன்னா, செகண்ட் ஹேண்ட் எஃப்டி-817 ரேடியோ, 5 வாட். 5 எலிமெண்ட் யாகி ஆன்டெனா நானே செஞ்சது, அலுமினியக் குழாய், பிவிசி பூம், எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு பவர் திரும்பி வருதுன்னு காட்டுற அளவு, 1 தான் சரியானது) 1.3 காட்டுது. மொட்டை மாடில ஜிஐ பைப்பு நட்டு தரைல இருந்து ஒரு 10 மீட்டர் உயரத்துல நிக்குது. அங்கருந்து கீழ என் ரூமுக்கு ஆர்ஜி58 கேபிள் 25 மீட்டர். போட்டோ போட்டுருக்கேன் பாருங்க.

இதுல என்னைய உறுத்திக்கிட்டே இருக்குறது ஒரே ஒரு விசயம். மார்ச்ல ஒரு நாள் காலைல 5:40 இருக்கும், அப்பா நாட்டுப்படகுல போயிட்டு கரை வந்தாக, கால்ல மணலோட வாசல்லயே நின்னுக்கிட்டு "இன்னிக்கு கடல் கண்ணாடி மாதிரி கெடக்குடா, அக்கரை லைட்டு எல்லாம் தூக்கிக்கிட்டு தெரியுது"ன்னு சொன்னாக. நான் சும்மா உம் கொட்டிட்டு ரிக்க (ரேடியோவ) போட்டா எஸ்எஸ்பில (எஃப்எம் இல்லாத இன்னொரு குரல் முறை) கொழும்புல இருந்து ஒரு 4எஸ்7, அதாவது இலங்கை ஹாம், கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு, சிக்னல் பலம் மீட்டர்ல எஸ்5, குரல் தெளிவா பக்கத்து தெரு மாதிரி. 40 நிமிசம் கத்துனேன், ஒரு தடவ கூட அவருக்கு கேக்கல. அம்மா எந்திரிச்சு வந்து யாருகூட சண்ட போடுறன்னு கேட்டாக. 6:30 மணிக்கு மேல வெயில் ஏறவும் அவரு அப்படியே கரைஞ்சு போயிட்டாரு. எம்ஜே96 கைக்கு எட்டி வாய்க்கு எட்டல.

ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா? இல்ல செட்ட தூக்கிக்கிட்டு தனுஷ்கோடி போயிரவா? அரிச்சல்முனைல நின்னா அக்கரை 30 கிலோமீட்டர் தான்னு பசங்க உசுப்பேத்துறாங்ஙே.


தூத்துக்குடி அண்ணாச்சி:

தம்பி, ஆம்ப்ளிஃபயர்லாம் வாங்காத, துட்ட கடல்ல போடுத மாதிரி. மொதல்ல ஒன் கேபிள பாரு. ஆர்ஜி58ன்னா 145 மெகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 20 டெசிபல் கிட்ட திங்கும். ஒனக்கு 25 மீட்டர், அப்ப 5 டெசிபல். நீ கீழ 5 வாட் வுட்டா மேல யாகிக்கு போய் சேருதது ஒன்றரை வாட்டு சொச்சம், மிச்சமெல்லாம் கேபிள் சூடாவுததுக்கு. எஸ்டபிள்யூஆர் 1.3ன்னு சந்தோசப்படாதல, நஷ்டமான கேபிள் வழியா பாத்தா எந்த ஆன்டெனாவும் நல்லவன் மாதிரி தான் தெரியும், போன பவரும் கேபிள்ல செத்து திரும்பி வார பவரும் கேபிள்ல செத்தா மீட்டர் என்னத்த காட்டும்?

இப்ப கொழும்பு கத. அவரு 50 வாட் ரிக்குன்னு வச்சுக்க. ஒன் கேபிள் நஷ்டம் போறப்பவும் வாரப்பவும் ஒண்ணு தான், அதனால ஒனக்கும் அவருக்கும் 10 டெசிபல் வித்தியாசம், எஸ் மீட்டர் கணக்குல ஒன்றரை படிக்கு மேல. ஒனக்கு அவரு எஸ்5ன்னா நீ அவருக்கு எஸ்3. மண்டபத்துல விடியக்காலம் சத்தமில்லாம இருக்கும், கொழும்பு டவுனுக்குள்ள எல்இடி லைட்டு, இன்வெர்ட்டர், லிஃப்ட்டு எல்லாம் சேந்து இரைச்சலே எஸ்4 இருக்கும். அதுக்குள்ள நீ அமுங்கிட்ட, அவ்வளவு தான் விசயம். பாதை ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், காது தான் வேற.

ஆர்ஜி213 போட்டா 25 மீட்டருக்கு 2 டெசிபல் சொச்சத்தோட போவும். அதுக்கும் துட்டு இல்லையா, செலவே இல்லாம ஒண்ணு சொல்லுதேன். 817 ஒரு டிபன் டப்பா சைஸ் தான, அத தூக்கிட்டு மொட்டை மாடிக்கு போயிரு. ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் யூபிஎஸ் பேட்டரி, பிளாஸ்டிக் சேர், ஒரு குடை. கேபிள் 3 மீட்டர். காண்டெஸ்ட் முடிஞ்சதும் எறக்கிரு.

இன்னொண்ணு, உப்புக்காத்து. என் கத கேளு. பிஎல்259 கனெக்டருக்கு சாதா கருப்பு இன்சுலேஷன் டேப்ப சுத்திட்டு ஒரு வருசம் நிம்மதியா இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ஆளே கேக்கல, கழட்டி பாத்தா உள்ள பின்னல் கம்பி மொத்தமும் பாசி புடிச்ச மாதிரி பச்சை, கத்தி வச்சு ஒரு அடி வெட்டுனேன், பச்சை, இன்னொரு அடி, பச்சை. நாலு மீட்டர் வெட்டி எறிஞ்ச பொறவு தான் செம்பு கலர்ல செம்ப பாத்தேன். இழுத்து சுத்துனா தன்னோட தானே ஒட்டிக்கிடுத ரப்பர் டேப்பு இருக்கு, அத சுத்தி அதுக்கு மேல சாதா டேப்பு போடு. கேபிள் வீட்டுக்குள்ள நுழையுததுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு தொங்க வுடு, தண்ணி அங்கனயே சொட்டிரும். அலுமினியத்துல இரும்பு போல்ட்டு போட்டுருந்தா இன்னைக்கே மாத்து, எஸ்எஸ் போல்ட்டு போடு, உப்பு பட்டா ரெண்டு உலோகமும் சேந்து பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அலுமினியம் மாவா உதிரும்.

ஒனக்கும் எனக்கும் கடல் வழியா 120 கிலோமீட்டர் இருக்கும், ஆறு ஞாயித்துக்கிழமைல அஞ்சு நாள் ஒன்னைய எடுத்துருக்கேன், அதனால ஒன் குரல்ல குத்தம் இல்ல.


காரைக்குடி ஒய்எல்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஆனா யாருமே அந்த போட்டோவ பெருசு பண்ணி பாக்கலையா? தம்பி, உன் யாகில எலிமெண்ட் எல்லாம் நெட்டுக்குத்தா நிக்குது. அது எஃப்எம்முக்கு சரி, ஹேண்டி (கைல புடிக்கிற ரேடியோ), கார் ஆன்டெனா எல்லாம் செங்குத்து தான். எஸ்எஸ்பி ஆளுங்க உலகம் முழுக்க எலிமெண்ட்ட படுக்க போடுவாங்க. ஒண்ணு நின்னு ஒண்ணு படுத்தா 20 டெசிபல் போகும், அதாவது நூத்துல ஒரு பங்கு தான் மிஞ்சும். நீ அன்னைக்கு நூத்துல ஒரு பங்க வச்சுக்கிட்டு கொழும்ப எஸ்5ல கேட்டுருக்க! அன்னைக்கு கடல் எவ்வளவு தொறந்து கெடந்துருக்குன்னு யோசிச்சு பாரு, எனக்கே வயிறு எரியுது. எலிமெண்ட் எல்லாம் படுக்குற மாதிரி பூம்ப 90 டிகிரி உருட்டித் திருப்பு, காசு செலவில்ல. ஜிஐ பைப்பு எலிமெண்ட்டுக்கு நடுவுல வராம இருக்கவும் அதான் நல்லது, நெட்டுக்குத்தா இருக்குறப்போ அந்த பைப்பும் ஒரு எலிமெண்ட் மாதிரி நடுவுல நின்னு கெடுக்கும்.

அடுத்தது கிரிட். நீ காண்டாக்ட் எண்ணிக்கைய பாக்குற, சிக்யூ காண்டெஸ்ட்ல 2 மீட்டர் காண்டாக்ட்டுக்கு 2 பாயிண்ட், அத கிரிட் எண்ணிக்கையால பெருக்கணும். உன் 31ஐயும் ஒரே காண்டெஸ்ட்டுன்னு வச்சுக்கோ, 62 இன்ட்டு 4, 248. அதே நீ 20 பேர தான் எடுத்த ஆனா 8 கிரிட்டுன்னா 40 இன்ட்டு 8, 320. பழகுன ஆளுங்களையே திரும்பத் திரும்ப கூப்பிட்டு அரட்டை அடிக்கிறத விட்டுட்டு புது கட்டத்த தேடணும்.

நம்ம பக்கம் கட்டம் எப்படி விழுதுன்னு ஒரு நாள் மேப்புல கோடு போட்டு பாரு, செம தமாஷா இருக்கும். ஒரு கட்டம் தீர்க்கரேகைல 2 டிகிரி, அட்சரேகைல 1 டிகிரி, நம்ம ஊருல சுமார் 220க்கு 110 கிலோமீட்டர். 9ல இருந்து 10 டிகிரி, 78ல இருந்து 80 டிகிரி, இதுக்குள்ள இருக்குறது எல்லாம் எம்ஜே99. அதனால மதுரை, பரமக்குடி, ராம்நாடு, தொண்டி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் ஒரே கட்டம். ஏன், அக்கரைல தலைமன்னாரும் எம்ஜே99 தான்! நாடு வேற, கட்டம் ஒண்ணு. நீ அரிச்சல்முனைல போய் நின்னு அக்கரைய எடுத்தாலும் புது கிரிட் கிடைக்காது, அந்த பசங்க கிட்ட சொல்லு. ஆனா யாழ்ப்பாணம் 80 டிகிரி கோட்டுல உக்காந்துருக்கு, டவுன தொட்டா என்ஜே09. உனக்கு 105 கிலோமீட்டர் தான், முழுக்க கடல், கிழக்குல கொஞ்சம் வடக்கா திருப்பணும். இத்தன நாள்ல நீ அந்தப் பக்கம் யாகிய திருப்புனியா? இல்ல மதுரைய பாத்தே வச்சுருந்தியா?

இந்தப் பக்கம் 10 டிகிரி கோடு தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவுல போகுது, தேவகோட்டை எம்ஜே99, நான் எம்கே90. எங்க சின்னம்மா வீடு தேவகோட்டைல, கல்யாணம் காட்சின்னு போறப்போ ஹேண்டிய எடுத்துட்டு போய் கிரிட் மாத்தி கூப்பிடுவேன், சொந்தக்காரங்க ஒரு மாதிரி தான் பாப்பாங்க. மதுரைல இருந்து அழகர்கோவில் போனாலும் இதே கத தான், கோடு தாண்டிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் எம்கே90. பாண்டிச்சேரி எம்கே91, உனக்கு 300 கிலோமீட்டர். மகாபலிபுரம் என்கே02, சென்னை என்கே03, 440 கிலோமீட்டர். கன்னியாகுமரி, திருநெல்வேலி எம்ஜே88. இதுல எம்ஜே88 கூட உன் கிட்ட இல்லைங்கறது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

கொடைக்கானல் எம்கே80. கூட்டாளி யாராச்சும் ஞாயித்துக்கிழமை அங்க போறாங்களான்னு கேட்டு வை. ரேடியோ அடிவானத்துக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கு, மீட்டர் உயரத்தோட வர்க்கமூலத்த 4.12ஆல பெருக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டர், அதுக்கு 189 கிலோமீட்டர். உன் 10 மீட்டர் மாடிக்கு 13. கூட்டுனா 202. உனக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டுல 208. விளிம்புல தான் நிக்குது, எஸ்எஸ்பிக்கு அந்த 6 கிலோமீட்டர் ஒரு பெரிய விசயமே இல்ல.

அப்புறம் லாக்ல நேரம் யுடிசில (உலகப் பொது நேரம்) போட்டியா? போன வருசம் ஒருத்தர் ஐஎஸ்டில போட்டு அனுப்பி எல்லா காண்டாக்ட்டும் அஞ்சரை மணி நேரம் தள்ளி நின்னுச்சு. அது நான் இல்ல. (நான் தான்.)


சும்மா ஒருத்தன்:

எதுக்கு இவ்வளவு பாடு, 144.174ல எஃப்டி8 டிஜிட்டல் மோடு போட்டு விட்டுட்டு தூங்குங்க, கம்ப்யூட்டர் பேசிக்கும்.


தூத்துக்குடி அண்ணாச்சி:

தூங்குததுக்கு எதுக்குல லைசென்ஸ்.


ராமேஸ்வரம் உப்புக்காத்து:

எஃப்டி8ஐ கிண்டல் பண்ணாதீங்க அண்ணாச்சி, சத்தத்துக்குள்ள புதைஞ்சு கெடக்குற சிக்னல அது தோண்டி எடுக்கும், 5 வாட் பையனுக்கு அது தப்பில்ல. ஆனா மாப்ள, உன் பிரச்சினை கேபிள், யாகி மட்டும் இல்ல, நேரம். ஜூலை காண்டெஸ்ட்ட வச்சு உன்ன நீயே எடை போடாத. அது வடக்கத்தி நாடுகளோட கோடைக்காலத்துக்கு போட்ட காண்டெஸ்ட், ஐரோப்பா அமெரிக்கா ஜப்பான் ஆளுங்களுக்கு அப்ப தான் 6 மீட்டர்ல ஸ்போராடிக் ஈ (வானத்து மேலடுக்குல சிக்னல் பட்டு தூரமா போய் விழுறது) தொறக்கும், அவங்க குவிச்சுருவாங்க. நமக்கு சனிக்கிழமை ராத்திரி 11:30க்கு ஆரம்பிச்சு திங்கக்கிழமை விடியக்காலம் 2:30க்கு முடியும், அப்ப இங்க மேற்க இருந்து வர்ற கச்சான் காத்து மணல வாரி மூஞ்சில அடிச்சுக்கிட்டு இருக்கும்.

நம்ம கடலுக்குன்னு ஒரு சீசன் இருக்கு, அது டக்ட். கடல் மேல ஈரக் காத்து ஒரு படுக்கையா கெடக்கும், அதுக்கு மேல சூடான காஞ்ச காத்து போர்வை மாதிரி வந்து மூடும். மேல போக போக குளுரணும், அதுக்குப் பதிலா சூடு ஏறும். அந்த ரெண்டுக்கும் நடுவுல சிக்னல் மாட்டுனா பூமி வளைவோட சேந்தே வளைஞ்சு போயிரும், குழாய்ல தண்ணி போற மாதிரி. காத்து பலமா அடிச்சா ரெண்டையும் கலக்கி விட்டுரும், டக்ட் செத்துச்சு. அதனால தான் என் நோட்டுல நல்ல நாள் எல்லாம் மாசி, பங்குனி, சித்திரைல காத்தே இல்லாத விடியக்காலமா இருக்கு. கச்சான் மாசத்துலயும் சில சாயங்காலம் காத்து சட்டுன்னு விழுந்து போகும், அன்னைக்கு மேற்க இருந்து வந்த சூட்டுக்காத்து அப்படியே கடல் மேல நிக்கும், அத விட்டுறாத, எனக்கு ஒரு தடவ அப்படித்தான் நாகப்பட்டினம் பக்கம் கிடைச்சுச்சு.

உங்க அப்பா சொன்னாகளே, அக்கரை லைட்டு தூக்கிக்கிட்டு தெரியுதுன்னு, அது தான்டா டக்ட். வெளிச்சமும் அதே காத்துல தான வளைஞ்சு வருது. நீ உம் கொட்டிட்டு உக்காந்துருக்க. இனிமே அவுக கரை வந்ததும் மொத கேள்வி மீனு இல்ல, லைட்டு தெரிஞ்சுச்சான்னு கேளு.

அப்பா கடலுக்கு போகாத நாள்ல எஃப்எம் ரேடியோவ போடு. 88ல இருந்து 108, நம்ம பேண்டுக்கு பக்கத்து வீடு. இலங்கை ஸ்டேஷன் நமக்கு தெனமும் தான் வரும், அது கணக்குல சேராது, வழக்கமா கொரகொரன்னு வர்ற ஸ்டேஷன் எது எதுன்னு மனசுல வச்சுக்க. அது ஸ்டீரியோல வந்தா ஓடு மாடிக்கு. ஒரு நாள் டீக்கடைல உக்காந்துருக்கேன், கடைக்காரர் ரேடியோல கிண்டி கத்திப்பாராவுல டிராஃபிக் ஜாமுன்னு ஒரு பொண்ணு சொல்லுது. ராமேஸ்வரத்துல! டீய பாதில வச்சுட்டு ஓடி வந்தேன், அன்னைக்கு 7:10க்கு என்கே03 எடுத்தேன், 5-3 ரிப்போர்ட் (தெளிவு 5, பலம் 3), இன்னும் அந்த டீக்கு காசு குடுக்கலன்னு அவரு சொல்லிக்காட்டுறாரு.

இன்னொரு வழி, கம்ப்யூட்டர்ல சொருகுற ஆர்டிஎல் எஸ்டிஆர் ரேடியோ டாங்கிள் ஒண்ணு இருந்தா 162 மெகாஹெர்ட்ஸ்ல கப்பல்களோட ஏஐஎஸ் (கப்பல் எங்க நிக்குதுன்னு அதுவே சொல்லுற சிக்னல்) எடு. சாதா நாள்ல 40, 50 கிலோமீட்டருக்குள்ள உள்ள கப்பல் தான் மேப்புல வரும். கொழும்பு துறைமுகத்துக்கு வெளிய நிக்கிற கப்பல் எல்லாம் உன் ஸ்க்ரீன்ல வந்து நின்னா அதுக்கு மேல என்ன வேணும், யாகிய தெக்க திருப்பு, லேசா கிழக்க.

நாய்ஸ் பத்தி யாரும் கேக்கல. உன் வீட்டுக்கு பக்கத்துல ஐஸ் பிளாண்ட் இருக்கா? எனக்கு இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்ல, விசைப்படகு எல்லாம் கரை ஏறி கெடக்கும், ஐஸ் பிளாண்ட் மோட்டாரும் பாதி நாள் ஓடாது, என் மீட்டர் எஸ்5ல இருந்து எஸ்1க்கு எறங்கிரும். மீனவனுக்கு கஷ்டகாலம், எனக்கு காது தொறக்குற காலம், சொல்லவே கூச்சமா இருக்கு.

தனுஷ்கோடிக்கு போறதா இருந்தா போ, ரோடு இருக்கு, நானும் போயிருக்கேன், ஆனா கிரிட்டுக்காக போகாத, நாய்ஸ் இல்லாததுக்காக போ. எல்லைப் பகுதி, யாகிய விரிச்சா பத்து நிமிசத்துல யாராச்சும் வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்க, கேக்கணும்ல. லைசென்ஸ் நகல், அடையாள அட்டை கைல வச்சுக்க, முன்னாடியே போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு போ, சாயங்காலத்துக்குள்ள கெளம்பிரு. தீவுக்கு போய் போடலாம்னு எவனாச்சும் சொன்னா கேக்காத, மன்னார் வளைகுடால 21 தீவும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது.


மண்டபம்காரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ரிசல்ட்டோட வரலாம்னு தான்.

பூம்ப திருப்பிட்டேன் அக்கா. நீங்க சொன்ன மாதிரி மதுரைய பாத்தே தான் வச்சுருந்தேன், வெக்கமா இருக்கு. கேபிள் கனெக்டர கழட்டுனேன் அண்ணாச்சி, பச்சை. ரெண்டு மீட்டரோட நின்னுச்சு. போல்ட்டு நாலுல மூணு இரும்பு, ஒண்ணு கைலயே ஒடிஞ்சு வந்துருச்சு.

இப்ப மாடில தான் உக்காருறேன், குடை ரெண்டு நாள்ல கச்சான்ல பறந்து பக்கத்து வீட்டு கோழிக் கூட்டு மேல விழுந்துருச்சு, இப்ப அப்பாவோட பழைய தார்ப்பாய் கட்டிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை 4 மணி நேரத்துல 9 காண்டாக்ட் தான், ஆனா அதுல ஒண்ணு நாகர்கோவில் பக்கம், எம்ஜே88. 5-2 குடுத்தாரு. அஞ்சாவது கிரிட். கொடைக்கானலுக்கு இந்த மாசம் ஆள் கிடைக்கல. எஃப்டி8க்கு லேப்டாப் இல்ல, அதனால அந்த சண்டைல நான் இல்ல.

அப்பா கிட்ட லைட்டு கத சொன்னேன், "இத கேக்கவா இம்புட்டு படிச்ச"ன்னு சிரிச்சாக. ஆனா நேத்து கரை வந்ததும் அவுகளே சொன்னாக, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல காத்து கொஞ்சம் விழுந்துச்சு, வடகிழக்க மட்டும் ஒரு வெளிச்சம் வழக்கத்த விட உசரமா தெரிஞ்சுச்சுன்னு. நாளைக்கு விடியக்காலம் 4:30ல இருந்து என்ஜே09 பாத்து எஸ்எஸ்பில கூப்பிடலாம்னு இருக்கேன், யாழ்ப்பாணம் பக்கம் பழக்கமானவங்க யாருக்காச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லி வைங்க.


ராமேஸ்வரம் உப்புக்காத்து:

சொல்லிட்டேன் மாப்ள, 5 மணிக்கு உக்காருறேன்னாரு. இப்ப ராத்திரி 11, இங்க கச்சான் தென்னை மட்டைய போட்டு அடிக்குது. ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு காத்த பாரு, விழலைன்னா படுத்துரு, நான் அவர்கிட்ட சனிக்கிழமைக்கு மாத்திச் சொல்லிக்கிறேன்.